பாயின்ட் லோபோஸின் அபலோனி டப்பா ஆலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் பாயின்ட் லோபோஸ். கலிபோர்னியாவில் மான்டரே நகருக்குத் தெற்கே, கார்மெலைத் தாண்டியதும் வரும் கடல்முனை அது. வந்தவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கடற்சிங்கங்களின் கத்தலைக் கேட்பார்கள், படம் எடுப்பார்கள். பிறகு வேலர்ஸ் கோவ் என்ற சிறு குடாவின் ஓரத்தில் உள்ள பழைய மரக்குடிலுக்குள் நுழைவார்கள். அங்கே இருக்கும் பழைய புகைப்படங்களைக் கண்டதும் கேள்விகள் ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களையும் இங்கே எழுதிவிட்டேன். அடுத்து வருபவர்கள் காரில் வரும்போதே படித்துவிடலாம். குடில் சிறியது, நின்று விளக்க இடம் போதாது.

கேனரி என்றால் மஞ்சள் குருவிதானே? இங்கே குருவி வளர்த்தார்களா?

சிரிக்க வேண்டாம், மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் என் பெரியப்பா. உச்சரிப்பு ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு சொல். உணவைத் தகர டப்பாவில் அடைத்து, கெடாமல் இருக்கும்படி வேகவைத்து விற்கும் ஆலைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். இந்தப் பக்கத்தில் நான் டப்பா ஆலை என்றே எழுதுகிறேன்.

அபலோனி என்பது மீனா, சிப்பியா?

இரண்டும் இல்லை. ஒற்றை ஓடுள்ள கடல் நத்தை. சிப்பிக்கு இருப்பதுபோல இரண்டு மூடிகள் இதற்குக் கிடையாது. கிண்ணம் போன்ற ஒரே ஓடு, அதன் விளிம்பில் வரிசையாகச் சில துளைகள், அடியில் பாறையைக் கவ்விக்கொள்ளும் அகலமான தசைப்பாதம். அந்தப் பாதத்தைத்தான் சாப்பிடுகிறார்கள். ஓட்டின் உட்புறம் மயில்கழுத்து நிறங்களில் மின்னும். இங்கே கிடைப்பவற்றில் பெரியது செவ்வபலோனி; உலகில் உள்ள அபலோனி இனங்களிலும் அதுவே பெரியது. முழுதாக வளர்ந்தால் 30 செ.மீ. வரை வரும், சாப்பாட்டுத் தட்டு அளவு. மன்னார் வளைகுடாவிலும் ஓர் இனம் இருக்கிறது, ஆனால் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

சொல்லின் கதை எனக்குப் பிடித்தமானது. மான்டரே கரையின் பூர்வகுடிகளான ரும்சென் மக்களின் சொல் ஸ்பானியர் வாயில் 'அபுலோன்' ஆகி, ஆங்கிலத்தில் அபலோனி ஆனது. உலகம் முழுவதும் உணவகப் பட்டியல்களில் உள்ள இந்தப் பெயர், நீங்கள் நிற்கும் இந்தக் கரையிலிருந்து புறப்பட்டது.

ஆலையை நடத்தியது யார்?

கென்னோசுகே கொடானி என்ற ஜப்பானியரும், அலெக்சாண்டர் ஆலன் என்ற அமெரிக்கரும். கொடானி கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி அறிந்தவர். தோக்கியோவுக்குத் தென்கிழக்கே கடலுக்குள் நீளும் போசோ தீபகற்பத்தைச் சேர்ந்தவர். அந்தப் பகுதி சிபா மாகாணத்தில் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அபலோனிக்குக் கடலில் குளிப்பவர்களின், அதாவது மூழ்கி எடுப்பவர்களின், ஊர்கள் நிறைந்தது. 1897இல் இங்கே வந்தார். அவருடைய தம்பி நகாஜிரோவும் இந்தத் தொழிலில் சேர்ந்துகொண்டார்.

ஆலன் பொறியாளர், குதிரைப் பந்தயத் திடல்களை வடிவமைத்தவர். 1898இல் பாயின்ட் லோபோஸில் 640 ஏக்கர் நிலத்தை வாங்கினார். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். டப்பா அடைக்கும் வேலை 1902 வாக்கில் தொடங்கி 1920களின் இறுதிவரை நடந்தது. 'உண்மையான முதலாளி யார்' என்ற கேள்வி உங்கள் நாவில் இருக்கிறது என்று தெரியும். அது கீழே தனியாக வருகிறது, ஏனென்றால் பதில் நீளம்.

ஜப்பானில் இருந்தவருக்குக் கலிபோர்னியாப் பாறையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஒட்டோசாபுரோ நோடா என்பவர் சொல்லித்தான். நோடா மான்டரே பகுதியில் ஜப்பானியக் கூலியாட்களைச் சேர்த்து வேலைக்கு விடுபவர். நம் மொழியில் கங்காணி என்றால் பொருத்தமாக இருக்கும். கரையில் அபலோனி குவிந்து கிடப்பதையும், அதை யாரும் பெரிதாக மதிக்காததையும் அவர் பார்த்தார். ஜப்பானில் அபலோனிக்கு 'அவாபி' என்று பெயர், விலை உயர்ந்த பண்டம், கோயில் படையலிலும் இடம்பெறுவது. ஊரில் பொன் விலைக்கு விற்பது இங்கே சும்மா கிடக்கிறது என்று ஜப்பானிய அரசுக்கு எழுதினார். அந்தச் செய்தி கொடானியை எட்டியது, அவர் கப்பலேறினார்.

கவனியுங்கள், பிழைப்புத் தேடிக் கூலியாக வந்தவர் அல்ல கொடானி. இன்ன கடலில் இன்ன உயிர் இருக்கிறது என்று தெரிந்து, அதை எடுக்கும் வித்தை தெரிந்த ஆட்களைத் தன் ஊரிலிருந்து வரவழைத்தவர். புலம்பெயர்ந்தோர் கதை என்றதும் ஒரு பெட்டியும் பசியுமாக வந்திறங்கியவரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இது அந்த வகை அல்ல.

அதற்கு முன் இங்கே யாருமே அபலோனி எடுக்கவில்லையா?

எடுத்தார்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. ரும்சென் மக்கள் தின்று போட்ட ஓடுகள் மேடுகளாகவே இந்த முனையில் கிடக்கின்றன. 1850களில் சீன மீனவர்கள் இங்கே குடியேறினார்கள். நீர் வற்றும் நேரத்தில் பாறைகளில் இறங்கி அபலோனியைப் பெயர்த்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். நீங்கள் நுழைந்து பார்த்த குடில் அவர்கள் கட்டியது. 'திமிங்கில வேட்டைக்காரர் குடில்' என்று பெயர் வந்ததற்குக் காரணம், 1862 முதல் 1884 வரை போர்ச்சுக்கீசியர் இங்கிருந்து திமிங்கிலம் பிடித்தார்கள். கட்டியவர் பெயர் போய்விட்டது, பின்னால் வந்தவர் பெயர் நின்றுவிட்டது.

சீனர்களின் தொழில் ஓய்ந்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1900 வாக்கில், ஆழமில்லாத நீரில் அபலோனி எடுக்கத் தடை வந்தது. குளிக்கத் தெரியாதவர்களுக்கு அத்தோடு வழி அடைந்தது. ஆழத்தில் குளிக்கத் தெரிந்த ஜப்பானியருக்கு யாரும் தொட்டிராத கடலடி திறந்து கிடந்தது.

கடலில் அவ்வளவு அபலோனி எப்படிச் சேர்ந்தது?

கடல்நீர்நாய்களைக் கொன்றதால். கடல்நீர்நாய்க்கு அபலோனி மிகவும் பிடித்த தீனி, அது ஒரு நாளில் தன் எடையில் கால் பங்கு அளவுக்குத் தின்னும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதன் மென்மயிர்த் தோலுக்காக ரஷ்யரும் பிறரும் நடத்திய வேட்டையில் கலிபோர்னியாவில் அந்த இனம் ஏறக்குறைய இல்லாமலே போனது. தின்ன ஆளில்லாததால் அபலோனி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு பெருகியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முத்துக்குளிப்பவர்கள்போல மூச்சடக்கியா குளித்தார்கள்?

முதலில் அப்படித்தான். ஊரில் செய்ததைப்போலவே கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கலிபோர்னியக் கடல் விடவில்லை. வரைபடத்தைப் பார்த்து வெதுவெதுப்பான கடல் என்று நினைப்பவர்கள் காலை நனைத்துப் பார்க்கலாம். ஆண்டின் பெரும்பகுதி 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். போசோ கரைக்கு வெப்ப நீரோட்டம் வருகிறது, இங்கே வடக்கிலிருந்து குளிர் நீரோட்டம் வருகிறது. ஒரு முறை மூழ்கி எழுந்தால் நெருப்பு மூட்டிக் குளிர்காய வேண்டும். அப்படிக் குளித்தால் தொழில் நடக்காது.

எனவே கொடானி ஜப்பானிலிருந்து தலைக்கவச உடைகளை வரவழைத்தார். உடல் முழுவதையும் மூடும் ரப்பர் பூசிய துணி உடை, கழுத்தில் திருகி மாட்டும் உலோகத் தலைக்கவசம், மார்பில் எடைக்கட்டிகள், ஈயம் வைத்த காலணி. மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று. உடைக்குள் கம்பளி ஆடை அணியலாம், கீழே நீண்ட நேரம் நின்று வேலை செய்யலாம். மூச்சுக்குளிப்பிலிருந்து இதற்கு மாறியதுதான் இந்தத் தொழிலின் திருப்பம். ஆலை எல்லாம் அதற்குப் பிறகு.

ஜப்பானில் பெண்கள்தானே குளிப்பார்கள்? படத்தில் ஒரு பெண்கூட இல்லையே?

'அமா' என்று அழைக்கப்படும் பெண் குளிப்பாளர்களின் படங்கள் உலகம் முழுவதும் பரவியதால் வந்த குழப்பம் இது. ஜப்பானில் ஆண்களும் பெண்களும் குளித்தார்கள், ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஆண் குளிப்பாளருக்கும் 'அமா' என்றுதான் பெயர், எழுத்து மட்டும் வேறு. பாயின்ட் லோபோஸுக்கு வந்தவர்கள் ஆண்கள். பெண்கள் இந்தக் குடாவில் இல்லாமல் இல்லை. கரையில் குடும்பங்கள் வாழ்ந்தன, கொடானியின் பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள். அந்தக் குடியிருப்பை இன்றும் 'கொடானி கிராமம்' என்று குறிப்பிடுகிறார்கள்.

கீழே இறங்கியவர் என்ன செய்வார்? மேலே இருப்பவர்களுக்கு என்ன வேலை?

படகு குளிப்பவரை நம்பியும், குளிப்பவர் படகை நம்பியும் இருக்கும் தொழில் இது. படகில் சிலர் கையால் சக்கரம் சுழற்றிக் காற்றடிப்பார்கள். அவர்கள் கை ஓய்ந்தால் கீழே மூச்சு ஓயும். ஒருவர் கயிற்றையும் காற்றுக்குழாயையும் பிடித்திருப்பார், கயிற்றை இத்தனை முறை இழுத்தால் இன்ன பொருள் என்று கணக்கு. ஒருவர் துடுப்புப் போட்டுப் படகை ஆள்மேல் நிறுத்துவார். குளிப்பவர் கீழே நடந்து நடந்து தேடி, இரும்புப் பட்டையால் அபலோனியைப் பெயர்த்து வலைப்பையில் போடுவார். பை நிறைந்ததும் மேலே இழுத்துக்கொள்வார்கள்.

பெயர்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அபலோனி அசைவை உணர்ந்துவிட்டால் பாறையோடு இறுகிவிடும், பிறகு அசைக்க முடியாது. அது அறியும் முன் ஒரே நெம்பில் எடுக்க வேண்டும். தசையில் வெட்டு விழுந்தால் அதன் இரத்தம் எளிதில் உறையாது. சிறியது என்று திருப்பி வைத்தாலும் பிழைக்காமல் போகலாம். அதனால் கை பழகியவர் மட்டுமே இறங்கும் தொழில்.

ஆபத்து இல்லையா என்றால், இருந்தது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் வாயுக்குமிழ் உண்டாகி உடல் முடங்கும், உயிரும் போகும். எத்தனை ஆழத்தில் எத்தனை நேரம் இருந்தால் எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணை இங்கிலாந்தில் வெளியானது 1908இல். இவர்கள் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியவர்கள்.

டப்பாவில் அடைப்பது எப்படி? அப்படியே போட்டு மூடிவிடுவார்களா?

அபலோனியை அப்படியே வேகவைத்தால் காலணித் தோல்தான் கிடைக்கும். ஓட்டிலிருந்து தசையைப் பிரித்து, குடலை நீக்கி, உப்பில் ஊறப்போடுவார்கள். பாதத்தின் ஓரத்தில் உள்ள கருநிறப் படலம் உப்பில் இளகும். தேய்த்துக் கழுவினால் வெளுக்கும். பிறகு வேகவைத்து, துண்டாகவோ முழுதாகவோ டப்பாவில் இட்டு, சாற்றை ஊற்றி மூடி, மறுபடி டப்பாவோடு கொதிகலத்தில் வேகவைப்பார்கள். இந்த இரண்டாவது வேக்காடுதான் முக்கியம். புளிப்பில்லாத இறைச்சியில் பிழைத்திருக்கும் நுண்ணுயிர் கொதிநீரின் 100 டிகிரிக்குச் சாகாது. அழுத்தத்தில் 120 டிகிரியை ஒட்டி வெப்பம் ஏற வேண்டும். அமெரிக்க டப்பா ஆலைகளுக்கே இந்தக் கணக்கு ஆய்வுமூலம் தெளிவானது 1890களின் பிற்பகுதியில்தான்.

டப்பாவுக்கு முன் கருவாட்டு முறை இருந்தது, சில காலம் இரண்டும் சேர்ந்தே நடந்தன. உப்பிட்டு, அவித்து, வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தினால் அபலோனி கல்போல இறுகும். எடை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். கப்பலில் ஏற்ற வசதி, ஆண்டுக்கணக்கில் கெடாது, சீனச் சமையலறையில் அதற்கு மதிப்பும் அதிகம். ஓட்டையும் வீணாக்கவில்லை. அந்தக் காலத்தில் அபலோனி ஓடு பொத்தானுக்கும் நகைக்கும் பதிகல் வேலைக்கும் போனது.

ஆலை எவ்வளவு பெரியது? படத்தில் ஒரு கொட்டகை மாதிரிதானே தெரிகிறது?

கொட்டகைதான். குடாவின் கரையில் சில மரக் கட்டடங்கள், படகுத்துறை, உலர்த்தும் இடம், பக்கத்தில் வீடுகள். ஆனால் கலிபோர்னியாவில் விற்ற அபலோனியில் முக்கால் பங்கு இங்கிருந்து போனது என்று இந்த இயற்கைக் காப்பகத்தின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கொட்டகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் மாமாக்களிடம் இந்த ஒரு வரியைச் சொல்லி முடித்துவிடுவேன்.

மான்டரேயில் கேனரி ரோ என்று ஒரு தெரு இருக்கிறதே, அங்கேதானே இதுவும் இருந்தது?

இல்லை. அது இங்கிருந்து வடக்கே, மான்டரே நகரின் கரையில் உள்ள தெரு. அங்கே இருந்தவை பெரும்பாலும் மத்தி மீன் ஆலைகள், அளவில் பல மடங்கு பெரியவை, பின்னாளில் செழித்தவை. அந்தப் பெயரே ஒரு நாவலின் புகழால் 1958இல் அதிகாரப்பூர்வமாக வைக்கப்பட்டது. அதற்கு முன் ஓஷன் வியூ அவென்யூ.

ஆனால் ஒரு தொடர்பு இருக்கிறது. மேலே சொன்ன கங்காணி நோடா, ஹாரி மால்பஸ் என்பவரோடு சேர்ந்து 1902இல் அந்தக் கரையில் ஒரு மீன் டப்பா ஆலையைத் தொடங்கினார். பிற்பாடு பெருங்கூட்டமாக வந்த ஆலைகளுக்கெல்லாம் முன்னோடி அது. இன்று அங்கே நினைவுப்பொருள் வாங்கும் கூட்டத்தில் நோடாவின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்க ஆசை.

வெள்ளைக்காரர்கள் இதைச் சாப்பிட்டார்களா, எல்லாம் ஆசியாவுக்குத்தான் போனதா?

தொடக்கத்தில் வாங்கியவர்கள் பெரும்பாலும் சீனரும் ஜப்பானியரும்தான். வெள்ளை அமெரிக்கர்களுக்கு அபலோனி என்றால் ரப்பர். அதை மாற்றியவர் மான்டரேயில் உணவகம் நடத்திய ஜெர்மானியர் எர்னஸ்ட் டோல்டர். 'பாப்' எர்னஸ்ட் என்று அழைப்பார்கள். தசையை மெல்லிய வட்டங்களாக அறுத்து, மரச்சுத்தியலால் தட்டி இளக்கி, முட்டையிலும் ரொட்டித் தூளிலும் புரட்டி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பொரித்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் பொருட்காட்சியில் இந்தப் பதார்த்தம் புகழ்பெற்றது.

டப்பா ஆலைக்கு இது நல்ல செய்தியா? பாதி. அபலோனிக்கு உள்ளூரில் கிராக்கி ஏறியது. ஆனால் ஏறியது பச்சை இறைச்சிக்கு, டப்பாவுக்கு அல்ல.

ஆலன் வெறும் பினாமிதானே? ஜப்பானியர் நிலம் வாங்கச் சட்டம் தடுத்ததால்தானே அவர் பெயரில் வைத்தார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார். இரண்டு தவறுகள் இதில் இருக்கின்றன.

முதல் தவறு ஆண்டுக் கணக்கில். குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டம் வந்தது 1913இல். இவர்கள் கூட்டுச் சேர்ந்தது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்பு. அப்போது அந்தத் தடை கிடையாது. இரண்டாவது தவறு பினாமி என்ற சொல்லில். பெயர் ஒருவருடையது, பொருள் மற்றவருடையது என்றால்தான் பினாமி. நிலம் உண்மையிலேயே ஆலனுடையது. முன்பு அங்கே நகர் உருவாக்குகிறோம் என்று மனை மனையாகப் பிரித்து விற்றிருந்தார்கள். அந்த மனைகளை அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். வியாபாரத் தொடர்புகளும் அவரிடம் இருந்தன. கடலறிவும், குளிப்பவர்களும், பதப்படுத்தும் முறையும் கொடானியிடமிருந்து வந்தன. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குத் தொழில் இல்லை. ஆலன் ஒரு டப்பாகூட நிரப்பியிருக்க முடியாது. கொடானிக்கு டப்பா நிரப்பக் கரை கிடைத்திருக்காது.

இருந்தாலும் கேட்பவரின் உள்ளுணர்வு முழுக்கத் தவறில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெள்ளையரும், 1870க்குப் பிறகு ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியும். ஜப்பானியருக்கு அது கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1922இல் ஓசாவா வழக்கில் உறுதி செய்தது. அந்தக் கதவு திறந்தது 1952இல். ஆகவே விருப்பத்தால் தொடங்கிய கூட்டு, 1913க்குப் பிறகு கொடானியைப் பொறுத்தவரை விலக வழியில்லாத கூட்டாயிற்று என்பது என் கணிப்பு. வேறு கரையில் நிலம் வாங்கித் தனியாகத் தொழில் நடத்தியிருக்க அவரால் முடியாது. அமெரிக்காவில் பிறந்த அவர் பிள்ளைகள் பிறப்பால் குடிமக்கள், அப்பா சாகும்வரை அந்நியர்.

அப்படியானால் அதை 'ஜப்பானிய ஆலை' என்று சொல்வது சரியா?

முந்தைய பதிலைப் படித்தவருக்கு என் தயக்கம் புரியும். பதிவில் இரண்டு பெயர்கள். கையில் சுத்தியும் இரும்புப் பட்டையும் பிடித்தவர்கள், கடலில் இறங்கியவர்கள் ஜப்பானியர். 'ஜப்பானியர் நடத்திய ஆலை' என்று சொல்லலாம். 'ஜப்பானியருக்குச் சொந்தமான ஆலை' என்றால் ஆலன் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். 'ஆலனின் ஆலை' என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் மூடினார்கள்?

சந்தையை அறுத்ததால். 1910களின் நடுப்பகுதியில் கலிபோர்னியா அபலோனியை உலர்த்துவதையும், மாநிலத்துக்கு வெளியே அனுப்புவதையும் தடை செய்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கருவாட்டை மதித்து வாங்கிய சீனாவும், டப்பாவை வாங்கிய ஜப்பானும் ஒரே வீச்சில் போய்விட்டன. மிஞ்சியது கலிபோர்னியா மட்டும். அங்கேயோ பாப் எர்னஸ்டின் புண்ணியத்தில் எல்லோரும் பச்சை அபலோனி கேட்டார்கள். கடல்வளத்தைக் காக்கத்தான் சட்டம் என்று சொல்லப்பட்டது. அதில் உண்மை உண்டு. ஆசியருக்கு எதிரான வெறுப்பு உச்சத்தில் இருந்த காலத்தில், ஆசியர் செய்த தொழிலில், ஆசியருக்கு விற்ற வடிவத்தை மட்டும் அது தடுத்தது என்பதும் உண்மை.

அதற்குப் பிறகும் ஆலை பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியதுதான் வியப்பு. 1920களின் இறுதியில் நின்றது. கொடானி, ஆலன் இருவரும் 1930இல் காலமானார்கள். ஒரே ஆண்டில் என்று சொன்னால் எல்லோரும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் மறுபடி சொல்கிறேன்: ஒரே ஆண்டில்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை முகாமில் அடைத்தார்களே, அதனால் மூடவில்லையா?

இல்லை, அது பத்தாண்டுகளுக்குப் பிறகு. ஆனால் ஆலை போனாலும் தொழில் போகவில்லை; மான்டரே ஜப்பானியர் தொடர்ந்து அபலோனிக்குக் குளித்தார்கள். அந்தத் தொடர்ச்சியை அறுத்தது 1942. பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணைப்படி மேற்குக் கரையின் ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். மான்டரே மக்களை முதலில் சலினாஸ் ரோடியோ திடலிலும், பிறகு பலரை அரிசோனா பாலைவனத்தில் போஸ்டன் முகாமிலும் வைத்தார்கள். இது பாஸ்டன் என்ற பெரிய நகரம் அல்ல, பெயர்தான் அதுபோல ஒலிக்கிறது. கடலடியில் நடந்தவர்களைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் வைத்தார்கள்.

கடைசியில் ஜப்பானியர்தானே கலிபோர்னிய அபலோனியை ஒழித்தது?

இந்தக் கேள்வி உள்ளூர்க்காரர்களிடமிருந்தும் வருகிறது. இவர்கள் நிறைய எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஒரு செவ்வபலோனி பிடிக்கும் அளவுக்கு வளரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும்; வழித்து எடுத்த இடம் சீக்கிரம் நிரம்பாது. ஆனால் கலிபோர்னியாவின் வணிகப் பிடிப்பு உச்சம் தொட்டது 1957இல், சுமார் 54 லட்சம் பவுண்டு. ஆலை மூடி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன, ஜப்பானியக் குளிப்பாளர்கள் அகற்றப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள். அந்த உச்சத்துக்குக் காரணம் யார் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

பிறகு நோய் வந்தது. 1980களில் அபலோனியின் பாதம் சுருங்கிப் பாறையிலிருந்து உதிரும் நோய் தெற்கே பரவியது. 1997இல் வணிகப் பிடிப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. வடக்கே பொழுதுபோக்காக எடுக்கக் கொடுத்த அனுமதியும் 2018 முதல் இல்லை. கடல்நீர்நாயை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1938இல் பிக் சர் கரையில் ஒரு சிறு கூட்டம் உயிரோடு இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. அது பெருகி வடக்கே வந்தது. இன்று பாயின்ட் லோபோஸில் அபலோனி பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழ்கிறது, நீர்நாயின் கை எட்டாத ஆழத்துக்குள். கொடானி கண்ட குவியல் இயற்கையின் வழக்கமான நிலையே அல்ல. ஒரு வேட்டை விட்டுச்சென்ற இடைவெளியில் விளைந்தது.

இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

ஆலை இல்லை. ஆலன் குடும்பத்திடமிருந்து 1933இல் மாநில அரசு 348 ஏக்கரை வாங்கிக் காப்பகமாக்கியது. குடிலும், அதன் பக்கத்தில் திமிங்கிலத் தொழில் காட்சியகமும் இருக்கின்றன. குடிலுக்குள் கொடானி காலத்துப் படங்களைப் பாருங்கள். தலைக்கவசத்தைக் கழற்றிய குளிப்பாளர்களின் முகத்தைக் கவனியுங்கள். வெளியே வந்து குடாவைப் பாருங்கள். இன்று அங்கே முன்பதிவு செய்த ஸ்கூபாக்காரர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள், அதே நீரில், ரப்பர் உடையோடு. வார இறுதியில் காலை பத்து மணிக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

கரையில் ஒரு ஓடு கிடந்தது, பேத்திக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. காப்பகத்திலிருந்து ஓடு, கல், பூ எதையும் எடுக்க அனுமதி இல்லை. என் சித்தி ஒரு உடைந்த துண்டைக் கைப்பைக்குள் போட்டுவிட்டார், வாயில் வரைக்கும் வந்த பிறகு சொன்னார். திரும்பி நடந்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.